நாக்கில் குளிராத மருந்து

நல்ல வெடிமருந்து நாக்கில் வைத்தால் குளிரும்.
வெடியுப்பின் குணம் அது.
குமுளமுனைக் கரையில் வீரகத்தி விழுந்த அன்று
அவன் இடுப்புக் குடுவையைத் தட்டி
ஒரு சிட்டிகை நக்கிப் பார்த்தேன்.

சாம்பல்.
உமிச்சாம்பலும் கொஞ்சம் அடுப்புக்கரியும்.
மூன்று தரம் திரியை வைத்திருக்கிறான்,
மூன்று தரமும் புகைந்து அணைந்திருக்கிறது.
நாலாம் தரத்துக்குக் கொம்பனிக்காரன் விடவில்லை.
எரிக்க நேரமில்லை. நாயுருவிப் பற்றைக்குள் புதைத்தோம்.

படைமுதலி பறுவதனின் களஞ்சியத்தில்
மாதம் நாற்பது பொதி என்கிறது ஓலை.
ஓலை பொய் சொல்லவில்லை, பொதி நாற்பதுதான்.
பொதிக்குள் இருப்பதை ஓலையில் எழுதும் வழக்கம்
எங்கள் படையில் இல்லை.

அமாவாசை. தவளமாடுகள் ஒன்பது.
கழுத்துமணிகளுக்குள் வைக்கோல் அடைத்து
முள்ளியவளையை விட்டுக் கிழக்கே நடந்தன.
பின்னால் நான், வெறுங்காலோடு.
பாலையடியில் பழம் பொறுக்கிய கரடி ஒன்று
தலை நிமிர்த்திப் பார்த்தது,
இவனுக்கும் இந்நேரம் வேறு வேலை இல்லையா என்பதுபோல.
ஒரு நாழிகை மரமாக நின்றேன்.
மாடுகள் போய்விட்டன.
சாணத்தின் சூட்டைத் தடவித் தடவித்தான்
மறுபடி அவற்றைப் பிடித்தேன்.

நந்திக்கடல் ஓரம் ஒரு வள்ளம், ஒரு லாந்தர்.
கொம்பனிக் கணக்கன் பொதியைக் குத்தி
விரலை நாக்கில் வைத்தான். தலையாட்டினான்.
குளிர்ந்திருக்கிறது.
இறைசால்களை எண்ணி வாங்கிய குரல்
எங்கள் அணித்தலைவன் நன்னித்தம்பியுடையது.
போன மாதம் எனக்கொரு கட்டுப் புகையிலை தந்தவன்.
நல்ல புகையிலை.
ஏது என்று நான் கேட்கவில்லை.
அதையும் நக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

மாட்டில் மிஞ்சியிருந்த பொதி ஒன்றைத் தலையில் ஏற்றி
மார்பளவு தண்ணீருக்குள் இறங்கினேன்.
சுட்டார்கள்.
நல்ல மருந்து; சத்தத்திலேயே தெரிந்தது.
இடக்காதின் நுனி எங்கோ மீனுக்குப் போயிற்று.

"கள்ளனைப் பாருங்கள்" என்றான் பறுவதன் சபையில்.
"பொதியோடு வந்து நிற்பவன் இவன்தானே?"
நியாயம்தான். இரத்தம் என் காதில், பொதி என் காலடியில்.
வன்னியனார் வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டது ஒன்றுதான்:
களஞ்சியத்து மருந்தில் ஒரு குடுவை நிரப்பி
முதலியார் தம் கையாலேயே என்னைச் சுடட்டும்.
மருந்து நல்லதென்றால் நான் கள்ளன்,
கணக்கும் அங்கேயே தீர்ந்தது.

கருங்காலித் தூணில் முதுகை வைத்தேன்.
தைரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்;
நாற்பது பொதியில் தப்பித்தவறி ஒன்று
நல்லதாக இருந்துவிட்டால் என்று
என் முழங்கால்களுக்குத் தெரிந்திருந்தது.

திரி இறங்கியது. புகைந்தது.
இரண்டாம் தரம்.
மூன்றாம் தரம்.
வீரகத்தி, நீ எண்ணிய அதே மூன்று.

நாலாம் தரத்துக்கு முன்
நன்னித்தம்பி பொறுக்கமாட்டாமல்
தன் இடுப்புக் குடுவையை அவிழ்த்து
முதலியிடம் நீட்டினான்.
நீட்டிய பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தான்.
அதற்குள் சபை முழுதும் பார்த்துவிட்டது.

"இங்கே கொண்டா" என்றார் வன்னியனார்.
ஒரு சிட்டிகை எடுத்துத் தம் நாக்கில் வைத்தார்.
பிறகு களஞ்சியத்துப் பொதியிலிருந்து ஒன்று.
நெடுநேரம் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

இப்போது களஞ்சியத் திறப்பு என்னிடம்.
வருகிற பொதி ஒவ்வொன்றையும் நக்குகிறேன்;
சோறு ருசிப்பதில்லை.
நேற்றிரவு யாரோ வாசற்படியில்
ஒரு கட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான்.
வாழைச்சருகில் சுற்றி, பனைநாரால் கட்டி.
எடுக்கவில்லை. எறியவும் எழும்பவில்லை.
விடியும்வரை கதவிடுக்கால்
மணம் வந்துகொண்டே இருந்தது.

நல்ல புகையிலை.